நாளைக்கு யார் முறை?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஆறு வயது. தினமும் படுக்கும்போது ஒரு ஜாதகக் கதை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதை, சொல்கிறேன். போன வாரம் ஆலமர மான் கதை. மான் தலைவன் வெட்டுக்கட்டையில் தலையை வைத்த இடத்தில் அழ ஆரம்பித்தவள் வெகுநேரம் நிறுத்தவே இல்லை. மறுநாள் அதே கதையைக் கேட்டபோது, ராஜா முன்பே மனம் திருந்தி மான்களை விட்டுவிட்டார் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். இந்தக் கதைகள் சின்னக் குழந்தைகளுக்குச் சரிதானா? இதில் மதம் வேறு இருக்கிறதே என்று வீட்டில் கேட்கிறார்கள். நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

மதம் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மான் கதை கேட்டு எந்தப் பிள்ளையும் மதம் மாறியதில்லை. புத்தகத்துக்கும் அலைய வேண்டாம். பாலி மொழியில் இருக்கும் ஜாதகத் தொகுப்பில் 547 கதைகள் இருக்கின்றன. சுருக்காத மொழிபெயர்ப்பு எது கிடைத்தாலும் முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு உங்கள் வாயால் சொல்லுங்கள்.

உங்கள் மகள் அழுதாள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மானுக்காக ஆறு வயதில் இத்தனை நேரம் அழத் தெரிந்த பிள்ளை உங்களுக்கு வாய்த்திருக்கிறாள். முதுகைத் தடவிக்கொடுத்து அழ விட்டிருக்கலாம். நீங்களோ பயந்துபோய் வெட்டுக்கட்டையையே கதையிலிருந்து எடுத்துவிட்டீர்கள். ராஜா தானாகவே திருந்திவிட்டார் என்றால் அந்த மான் எதற்கு? அதிகாரத்தில் இருப்பவர்கள் தாமாகவே நல்லவர்களாகிவிடுவார்கள், யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்றல்லவா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்? இது மூலக்கதையை விடக் கொடுமை.

இந்தக் கதையைக் கொஞ்ச நாளாகவே மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வாரணாசி அரசனுக்குத் தினமும் கறி வேண்டும். வேட்டைக்குப் போயே வேலை கெட்டுப்போன மக்கள், இரண்டு மான் கூட்டங்களை அரசனின் தோட்டத்துக்குள் ஓட்டி அடைத்துவிடுகிறார்கள். அம்புக்குப் பயந்து ஓடி வீணாக அடிபடுவதைத் தடுக்க, மான்களே முறை வைத்துக்கொள்கின்றன. தினம் ஒரு மான் தானே போய்க் கட்டையில் தலை வைக்க வேண்டும். ஒரு நாள் சினை மானுக்கு முறை வருகிறது. குட்டி பிறந்துவிட்டால் நாங்கள் இரண்டு பேராக முறைக்கு வருகிறோமே என்று கெஞ்சுகிறது. அதன் தலைவன் சாகன் முடியாது என்கிறான். அடுத்த கூட்டத்தின் தலைவனான ஆலமர மான், நீ போ என்று அனுப்பிவிட்டுத் தானே போய்ப் படுக்கிறது. அரசன் ஏற்கனவே அபயம் கொடுத்திருந்த மான் அது. சமையல்காரன் பதறி ஓடுகிறான், அரசன் தேரில் வருகிறான், விஷயத்தைக் கேட்கிறான், நீயும் பிழைத்தாய், அவளும் பிழைத்தாள், எழுந்திரு என்கிறான்.

என் அத்தை எனக்குச் சொன்ன கதை இங்கே முடிந்துவிடும். "அப்போ நாளைக்கு யார் முறை?" என்று கேட்டேன். "கதை முடிஞ்சு போச்சு, தூங்கு" என்றாள். அத்தை மேல் எனக்கு உயிர். ஆனாலும் அந்தப் பதில் அன்று ஆறவில்லை. பல வருடம் கழித்து முழுக் கதையைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்டதை மானே கேட்கிறது. நாங்கள் இருவர் பிழைத்தோம், தோட்டத்தில் இருக்கும் மற்ற மான்கள்? சரி, அவற்றுக்கும் அபயம். தோட்டத்துக்கு வெளியே இருப்பவை? மற்ற நாலுகால் பிராணிகள்? பறவைகள்? தண்ணீரில் இருக்கும் மீன்கள்? ஒவ்வொன்றுக்கும் அரசனிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் அந்த மான் எழுந்திருக்கிறது. எழுந்திரு என்று சொன்ன பிறகும் எழுந்திருக்காமல் கேட்டது என்பதை யோசித்துப் பாருங்கள்.

சினை மானைப் பார்த்து யாருக்கும் மனம் இளகும். பெரிய கண், வயிற்றில் குட்டி. மீனுக்கு என்ன இருக்கிறது? அதற்குக் கத்தக்கூடத் தெரியாது. மானுக்கு மீன் உறவும் இல்லை. தன் உயிர் கையில் திரும்பக் கிடைத்த நேரத்தில் ஒருவனுக்கு மீன் ஞாபகம் வருகிறதே, கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு "நல்ல மான், நல்ல ராஜா" என்று சுருக்கித் தரும் புத்தகங்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பக்கம் மிச்சம் பிடிக்கவா கதை சொல்கிறோம்?

புத்தர் இதைச் சொன்ன சந்தர்ப்பமும் அப்படித்தான். துறவு பூண்ட பிறகு, கருவுற்றிருப்பது தெரியவந்த ஒரு பெண்ணை, தன் பெயர் கெடும் என்று, புத்தரோடு போட்டி போட்ட துறவி தேவதத்தன் விசாரிக்காமலே விரட்டிவிடுகிறான். புத்தர் அவளைத் தன் சீடரான உபாலியிடம் விட்டுச் சபையில் விசாரிக்கச் சொல்கிறார். புத்தரின் இல்லறப் பக்தையான விசாகை நாள் கணக்குப் பார்த்து, துறவுக்கு முன்பே உண்டான கரு என்று நிரூபிக்கிறாள். முற்பிறவியில் சாகனாக இருந்தவன் யாரென்று இப்போது தெரிகிறதல்லவா?

அழுகையைப் பற்றி இன்னும் பயம் இருந்தால் நம் மணிமேகலைக்கு வாருங்கள். வேள்விக்குக் கட்டிவைத்த பசு, வலையில் சிக்கிய மானைப் போல நடுங்கிக் கதறுகிறது. அதைப் பார்த்த சிறுவன் ஆபுத்திரன் முதலில் கண்ணீர்தான் விடுகிறான். பிறகு இருட்டும்வரை காத்திருந்து பசுவை ஓட்டிக்கொண்டு போகிறான். அடி வாங்குகிறான், வளர்த்தவரும் கைவிடுகிறார். உங்கள் வீட்டிலும் முதல் பகுதி நடந்துவிட்டது.

இன்று இரவு வெட்டுக்கட்டையோடு சேர்த்துச் சொல்லுங்கள். அழுதால் நிறுத்தி அணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மீன் வரைக்கும் போய்விடுங்கள். அப்புறம் பயிர் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். அபயம் கிடைத்த மான்கள் வயலில் இறங்கி மேய்கின்றன, ஜனங்கள் அரசனிடம் முறையிடுகிறார்கள், அவன் வாக்கு மாறமாட்டேன் என்கிறான். அப்போது மான் தலைவன் தன் கூட்டத்தைக் கூப்பிட்டு, இனி யார் பயிரிலும் வாய் வைக்கக் கூடாது என்று கண்டிக்கிறது. வேலி போட வேண்டாம், வயலோரம் இலை கட்டி அடையாளம் காட்டினால் போதும் என்று ஜனங்களுக்கும் சொல்லி அனுப்புகிறது.