நாய் பூனைக்கு வீட்லயே பல்லு சுத்தம் பண்ண முடியுமா? வாய் நாத்தத்துக்கு என்ன பண்ணலாம்?

நாலு வயசு நாய், கிட்ட வந்து நக்கினாலே வாய் நாத்தம் தாங்கல, கடைவாய்ப் பல்லுல மஞ்சளா கட்டி கட்டியா ஒட்டியிருக்கு, டாக்டர் மயக்க மருந்து குடுத்து கிளீன் பண்ணணும்னு சொல்றார் பயமா இருக்கு, வீட்லயே ஏதாவது பண்ண முடியுமா, கூட ஒரு பூனையும் இருக்குன்னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்லயும் இதே ஜோடி தான், மணின்னு ஒரு ஸ்பிட்ஸ், நம்ம ஊர்ல எல்லாரும் பொமேரியன்னு சொல்வாங்களே அது, அப்புறம் செல்லின்னு ஒரு நாட்டுப் பூனை. அதனால எனக்குத் தெரிஞ்சதை முழுசா எழுதிடறேன், கொஞ்சம் நீளமா தான் இருக்கும்.

முதல்ல ரெண்டு விஷயத்தைத் தனித்தனியா பிரிச்சுக்கோங்க. ஏற்கனவே இறுகிப்போன காறையை, அதாவது பல்லுல ஒட்டியிருக்கற அந்த மஞ்சள் கட்டியை, வீட்ல எடுக்க முடியாது, எடுக்க முயற்சியும் பண்ணக்கூடாது. ஆனா இனிமே புதுசா சேராம பாத்துக்கறது முழுக்க முழுக்க வீட்ல தான் நடக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை எவ்ளோ நல்ல டாக்டர்கிட்ட போனாலும் மீதி நாளுக்கு நாம தான் பொறுப்பு.

ஏன்னா அது சேர்ற வேகம் அப்படி. சாப்பிட்டு சில மணி நேரத்துலயே பல்லு மேல வழவழன்னு ஒரு படலம் வந்துடும், முழுக்க பாக்டீரியா. அதைத் தொடைக்காம விட்டா ரெண்டு மூணு நாள்ல எச்சில்ல இருக்கற கால்சியம் சேர்ந்து இறுகிடும், போர் தண்ணி ஊத்தற பைப்புல வெள்ளையா உப்பு படியுமே அதே கதை தான், அதுக்கப்புறம் பிரஷ் போட்டு எவ்ளோ தேய்ச்சாலும் வராது. நாயோட எச்சில் நம்ம எச்சிலை விட காரத்தன்மை ஜாஸ்தி, அதனால அதுங்களுக்கு சொத்தைப்பல்லு கம்மி, ஆனா காறை நம்மள விட சீக்கிரம் கட்டும். மேல் கடைவாய்ல இருக்கற பெரிய பல்லு கிட்ட எச்சில் சுரப்பியோட குழாய் ஒண்ணு திறக்குது, அதனால தான் பெரும்பாலான நாய்க்கு முதல்ல அந்த இடத்துல மஞ்சள் கட்டும், நீங்க பாத்ததும் அதே பல்லா தான் இருக்கும்.

இதுல பலரும் பல்லோட நிறத்தையே பாக்கறாங்க, நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஈறைப் பாருங்க. பல்லு கொஞ்சம் மஞ்சளா இருந்தா அதுக்கு வலிக்காது. அந்த பாக்டீரியா ஈறுக்கு அடியில இறங்கி பல்லைப் பிடிச்சிருக்கற எலும்பைக் கரைக்குது பாருங்க, வலி அங்க தான், நாத்தமும் பெரும்பாலும் அங்கேருந்து தான் வருது. நல்ல ஈறு இளஞ்சிவப்பா கெட்டியா இருக்கும் (சில நாய்க்கு இயல்பாவே கருப்பு ஈறு, அது நோய் இல்ல). பல்லை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு மாதிரி தெரிஞ்சா அது தான் ஆரம்பம், அந்த ஸ்டேஜ்ல பிடிச்சுட்டா சரியாகிடும். எலும்பு கரைஞ்சுட்டா திரும்ப வராது, பல்லையே எடுக்க வேண்டியது தான். பெரும்பாலான நாய் பூனைக்கு மூணு வயசுக்குள்ளயே ஏதோ ஒரு அளவுல ஈறு நோய் ஆரம்பிச்சுடுதுன்னு தான் டாக்டருங்க சொல்றாங்க. சின்ன ஜாதி நாய்க்கு இன்னும் மோசம், ராஜபாளையத்துக்கும் 42 பல்லு தான், கையளவு ஷிஹ் ட்ஸூவுக்கும் அதே 42 பல்லு தான், அந்தக் குட்டித் தாடையில எல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும், இடுக்குல எல்லாம் சோறு ஒட்டும்.

மணி எங்ககிட்ட வரும்போதே வளர்ந்த நாய், சொந்தக்காரங்க வெளியூர் போனதால எங்க வீட்டுக்கு வந்தான். அதுவரைக்கும் தயிர் சாதமும் பிஸ்கட்டும் தான் சாப்பாடு, வாயைப் பக்கத்துல கொண்டுவர முடியாது, ஒரு பக்கமா தலையைச் சாய்ச்சு தான் மெல்லுவான். மயக்க மருந்து குடுத்து கிளீன் பண்ணி ஆடிட்டு இருந்த பல்லையும் எடுத்தாங்க. அடுத்த சில வாரத்துல அவன் பந்தை வாயில கவ்விட்டு வந்து விளையாடக் கூப்பிட்டான், அதுவரைக்கும் அவன் சோம்பேறி நாய்னு தான் எல்லாரும் நினைச்சுட்டு இருந்தோம், வலியில இருந்திருக்கான். நாய் வாய் வலியை வெளிய காட்டாது, சாப்பிடறதையும் கடைசி வரைக்கும் நிறுத்தாது, நல்லா தான சாப்பிடுதுன்னு விட்டுடாதீங்க.

சரி எப்படி பண்றது. வாயைப் பொளக்க வேண்டாம், இது தான் முக்கியம். வாயை மூடியே வச்சுட்டு ஓரமா உதட்டை மட்டும் மேல தூக்கினா போதும், கடைவாய் வரைக்கும் தெரியும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு தொடைச்சுடுது, காறை அதிகம் கட்டறது கன்னத்துப் பக்கம் தான், அதனால வெளிப்பக்கம் மட்டும் தேய்ச்சாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சது. முதல் சில நாள் பிரஷ்ஷே கண்ணுல காட்டாதீங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு அது அமைதியா படுத்திருக்கும்போது உதட்டைத் தூக்கிப் பாத்துட்டு நல்ல பையன்னு சொல்லி விட்டுடுங்க. அது பழகினதும் சிக்கன் வேக வச்ச தண்ணியில, உப்பு வெங்காயம் பூண்டு எதுவும் போடாத தண்ணியில விரலை நனைச்சு ஈறு ஓரமா தடவுங்க, நக்கிட்டே நிக்கும். அப்புறம் விரல்ல காடா துணியோ மருந்துக்கடை காஸ் துணியோ சுத்திக்கிட்டு தடவுங்க. அதுக்கும் சம்மதிச்சா தான் பிரஷ், சின்னக் குழந்தைங்களுக்கு விக்கற ரொம்ப சாஃப்டான பிரஷ்ஷே போதும். பிரஷ்ஷை சாய்ச்சு, முடி நுனி பல்லும் ஈறும் சேர்ற கோட்டுல படற மாதிரி வச்சு, சின்னச் சின்ன வட்டமா. ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம். மேல் கடைவாயும் கோரைப்பல்லும் முதல்ல முடிச்சுடுங்க, ஏன்னா அதோட பொறுமை எப்ப தீரும்னு தெரியாது. அடம் பிடிச்சா அன்னிக்கு அதோட விட்டுடுங்க, அமுக்கிப் பிடிச்சு ஒரு நாள் தேய்ச்சீங்கன்னா அடுத்த நாள் பிரஷ்ஷைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போயிடும். முடிஞ்சா தினமும், முடியாட்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு ஒரு தடவை தேய்ச்சு பெருசா பிரயோஜனம் இல்ல, மேல சொன்ன ரெண்டு மூணு நாள் கணக்கு தான் காரணம்.

நாலுல இருந்து ஆறு மாசக் குட்டியா இருந்தா பால்பல்லு விழுந்து ஈறு நோகற நேரம், அப்ப தேய்க்காம உதட்டைத் தூக்கிப் பழக்கறதோட நிறுத்துங்க. பால்பல்லு விழாம பக்கத்துலயே புதுப்பல்லு முளைச்சு ரெண்டும் ஒட்டி நின்னா, ஸ்பிட்ஸுக்கு இது அடிக்கடி வரும், டாக்டர்கிட்ட காட்டி எடுத்துடணும்.

நம்ம பேஸ்ட் வேணவே வேணாம். அதுங்களுக்குத் துப்பத் தெரியாது, எல்லாத்தையும் முழுங்கிடும், நுரையும் ஃப்ளோரைடும் வயித்துக்குள்ள போகும், அதுக்கு மேல சில பேஸ்ட்லயும் மவுத்வாஷ்லயும் சைலிட்டால்னு ஒரு இனிப்பு சேர்க்கறாங்க, அது நாய்க்கு விஷம், ரத்தத்துல சர்க்கரை சட்டுன்னு இறங்கி வலிப்பு வரும், லிவரும் போகும். நாய் பூனைக்குன்னே சிக்கன் வாசனையில பேஸ்ட் பெட் ஷாப்ல கிடைக்குது, அதை வாங்குங்க, வாங்க முடியலையா வெறும் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, அழுக்கை எடுக்கறது தேய்க்கற தேய்ப்பு தான், பேஸ்ட் அதுக்குத் துணை. பல்பொடி, கல்லுப்பு, எலுமிச்சை, சமையல் சோடா, கரித்தூள் இதெல்லாம் ஃபார்வர்ட்ல நிறைய சுத்துது, எதுவும் வேண்டாம். கிராம்பு எண்ணெய், டீ ட்ரீ ஆயில் ரெண்டையும் பூனை பக்கமே கொண்டுபோகாதீங்க, அதோட லிவரால அதைச் சமாளிக்க முடியாது.

எலும்பு குடுத்தா பல்லு சுத்தமாகும்னு எங்க தாத்தா காலத்துல இருந்து சொல்றது தான். வேக வச்ச எலும்பு சில்லு சில்லா உடைஞ்சு குடல்ல குத்தும், பச்சை மாட்டெலும்பு மாதிரி ரொம்ப கெட்டியானதைக் கடிச்சா அந்தப் பெரிய கடைவாய்ப் பல்லே பிளந்துடும். கடிக்கக் குடுக்கற எதுவா இருந்தாலும் நகத்தை வச்சு அழுத்திப் பாருங்க, லேசா பள்ளம் விழணும், விழலன்னா அது பல்லை உடைக்கற அளவுக்கு கெட்டி. டென்டல் ஸ்டிக் வாங்கறதா இருந்தா வி.ஓ.எச்.சி முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க, வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில்னு கால்நடை பல் டாக்டருங்க வச்சிருக்கற அமைப்பு, கம்பெனி குடுக்கற சோதனை முடிவைப் பாத்துட்டு தான் முத்திரை குடுப்பாங்க.

பூனை விஷயம் தனி. 30 பல்லு தான், வாய் சின்னது, கோவம் பெருசு. எதிர்ல உக்காந்து பண்ணாதீங்க, மடியில அதோட முதுகு நம்ம பக்கம் இருக்கற மாதிரி வச்சு, பின்னாடி இருந்து கன்னத்தைத் தடவற மாதிரியே உதட்டைத் தூக்கி, காது குடையற பட்ஸை நனைச்சு ஈறு ஓரமா ஒரு இழுப்பு. செல்லி மீன் வேக வச்ச தண்ணி இருந்தா தான் சம்மதிப்பா, இல்லன்னா எழுந்து போயிடுவா. எச்சில் ஒழுகுது, வாயைக் காலால தட்டிக்குது, சாப்பாட்டுக்கு ஓடி வந்து மோந்துட்டு திரும்பிப் போகுதுன்னா நீங்க தொடவே வேண்டாம். பூனைக்கு பல்லு உள்ளுக்குள்ளயே கரையற ஒரு நோய் இருக்கு, வாய் முழுக்கப் புண்ணாகற நோயும் இருக்கு, அந்த நேரத்துல பட்ஸ் பட்டாலே துடிச்சுடும், நேரா டாக்டர் தான்.

இன்னொண்ணு, வாய்க்குள்ள கை விடற வேலை இது, ரேபிஸ் ஊசி வருஷா வருஷம் சரியா போட்டிருக்கணும். வளர்த்த பிராணி தானேன்னு விடாதீங்க, பல்லு கீறி ரத்தம் வந்தா சோப்பு போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். ஆன்லைன்ல கொக்கி மாதிரி ஒரு கம்பி விக்கறாங்க, காறையைச் சுரண்டற வீடியோவும் நிறைய வருது. சுரண்டினா எனாமல் மேல கீறல் விழும், அந்தக் கீறல்ல அழுக்கு இன்னும் வேகமா பிடிக்கும், நாய் ஒரு செகண்ட் தலையைத் திருப்பினா கம்பி ஈறுக்குள்ள இறங்கிடும். மயக்கம் இல்லாம வெள்ளையாக்கித் தர்றோம்னு சொல்றதும் அதே தான், கண்ணுக்குத் தெரியற இடம் பளிச்சுன்னு ஆகும், நோய் இருக்கற ஈறுக்கு அடியில யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. முழிச்சிருக்கற நாய் அங்க கருவி விட சம்மதிக்காது, அதுக்குத் தான் மயக்க மருந்து. உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே ரத்த டெஸ்ட் எடுப்பீங்களா, மூச்சுக்குழாய்க்கு டியூப் போடுவீங்களா, கிளீன் பண்ணினதும் பாலிஷ் போடுவீங்களான்னு மூணையும் கேளுங்க, நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். செலவு தான் தயக்கம்னா வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலின்னு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எது பக்கமோ அங்க விசாரிங்க. கண்ணுக்குக் கீழ வீக்கம் வந்தாலோ, ஒரு பக்க மூக்குல மட்டும் சளியோ ரத்தமோ வந்தாலோ நாள் தள்ளாதீங்க, பல்லு வேர்ல சீழ் வச்சிருக்கலாம். ஈறு சுத்தமா இருந்தும் நாத்தம் அடிக்குது, தண்ணி வேற நிறைய குடிக்குதுன்னா கிட்னிக்கும் சுகருக்கும் சேர்த்து ரத்தம் பாக்கச் சொல்லுங்க.

கிளீனிங் தேதி வர்றதுக்குள்ள இப்பவே உதட்டைத் தூக்கிப் பழக்கிடுங்க, வலிக்கற பக்கத்தைத் தொடாம. முடிஞ்சு வந்ததும் கொஞ்ச நாள் குழைவான சாப்பாடு, பல்லு எடுத்து தையல் போட்டிருந்தா டாக்டர் பாத்துட்டு சரின்னு சொல்ற வரைக்கும் பிரஷ் போடாதீங்க, சொன்ன அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடுங்க.