வயிறு எரிந்தால் என்ன கோடு?

அன்புள்ள அக்கா,

பள்ளிபாளையம் விசைத்தறிப் பெண்களைப் பற்றிப் பிஎச்.டி. செய்கிறேன். 38 நேர்காணல்களையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். பேட்டிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ‘கோடு’ என்று ஒரு தலைப்பிடும் கோடிங்கை என்விவோ மென்பொருளில்தான் செய்யவேண்டும் என்கிறார் கைடு, விலை கட்டுப்படியாகவில்லை. இலவச மென்பொருள் போதுமா? எத்தனை கோடுகள் இருந்தால் விவாவில் கேள்வி வராது?

ச.

அன்புள்ள ச.,

டாகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம். கோடுகளின் எண்ணிக்கையைக் கேட்டதற்கு உங்களைத் திட்டவேண்டும், விடுங்கள். விவாவில் கேள்வி எப்படியும் வரும்.

என்னை உறுத்தியது போகிறபோக்கில் எழுதிய அந்த ஆங்கிலம்தான். ஏனம்மா இத்தனை அவசரம்?

தொண்ணூறுகளின் கடைசியில், உங்கள் ஊர்ப்பக்கம் ஓர் ஆய்வில் உதவியாளராக இருந்தேன். எங்கள் மென்பொருள் கத்தரிக்கோல். மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்த பேட்டிகளை ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி, கல்யாணப் பத்திரிகை உறைகளில் பிரித்துப் போடுவோம். உறைமேல் ‘கடன்’, ‘குடி’, ‘உடல்நலம்’. சீட்டு பறக்குமென்று மே மாதத்திலும் ஃபேன் கிடையாது. ஒருநாள் ‘உடல்நலம்’ உறையில் ஒரு சீட்டு: ஓர் அம்மாவுக்கு வயிற்றில் எரிச்சலாம். பேட்டி எடுத்தவள் நான். அவர் சொன்னது, “காட்ட வித்துப்போட்டு வந்து நிக்கறாரு, வயிறு எரியுது கண்ணு.” காடு போன வரி வேறு உறைக்குப் போயிருந்தது. வயிறு மட்டும் நோயாளியாகிவிட்டது.

என்விவோவிலும் இதே கூத்து நடக்கும், வேர்க்காமல். அதன் மூதாதை 1981-இல் மெல்பர்னில், லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சமூகவியலாளர் லின் ரிச்சர்ட்ஸின் பேட்டிக் குவியலுக்காக அவர் கணவர் டாம் எழுதிய நிரல். நல்ல அலமாரி. சீட்டைத் தொட்டால் அது எந்தப் பேட்டியின் எந்த வரி என்று காட்டும். எங்களிடம் இருந்திருந்தால் காடு கிடைத்திருக்கும். ஆனால் நீங்கள் ஆங்கிலத்தை உள்ளே வைத்தால் அது ஆங்கிலத்தைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

தமிழிலேயே ஏற்றுங்கள். யுனிகோடு போதும். கோடுக்கும் அவர்கள் வாய்ச்சொல்லையே பெயராக வையுங்கள். இன் விவோ கோடிங் என்று உங்கள் பாடத்திலேயே இருக்கும். சொல் எண்ணிக்கை வரைபடங்களை மட்டும் நம்பாதீர்கள்: வீடு, வீட்ல, வீட்டுக்கு மூன்றும் அதற்கு மூன்று சொற்கள். மேற்கோள் காட்டுமிடத்தில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம், பக்கத்தில் தமிழும் இருக்கட்டும். கைடு முனகினால் முனகட்டும்.

தறிச் சத்தத்தோடு பதிவான அந்த 38 ஒலிக்கோப்புகளும் பத்திரமாக இருக்கின்றனவா? முதலில் அதை எழுதுங்கள்.