சில்லி பாயின்ட்டில் நிற்பவர் அசடா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குத் தாளில் டீச்சர் 'சில்லி மிஸ்டேக்' என்று எழுதி அனுப்புகிறார். டிவியில் கிரிக்கெட் போட்டால் 'சில்லி பாயின்ட்' என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்தானா? பந்து மூஞ்சியில் படுகிற இடத்தில் துணிந்து நிற்பவருக்கு இப்படி ஒரு பெயரா?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: ஒரே சொல்தான். கிரிக்கெட்டிலும் அதற்கு அசட்டுத்தனம் என்றுதான் பொருள். பாயின்ட் என்பது ஆஃப் சைடில், அதாவது பேட்ஸ்மேனின் உடல் திரும்பியிருக்கும் பக்கத்தில், அவருக்குப் பக்கவாட்டில் தள்ளி நிற்கிற இடம். அதே திசையில் மட்டைக்குச் சில எட்டு தூரத்தில் வந்து குனிந்து நின்றால் சில்லி பாயின்ட். மிட் ஆன், மிட் ஆஃப் என்ற இடங்களுக்கும் இப்படிச் சில்லி உண்டு. புத்தியுள்ளவன் இவ்வளவு கிட்டே வருவானா என்ற எண்ணத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வந்த பெயர் இது.

ஹெல்மெட் 1970-களின் கடைசியில்தான் ஆட்டத்துக்குள் பரவியது. அதுவரை வெறும் தலையோடுதான் நின்றார்கள். சில்லி பாயின்ட்டுக்கு எதிர்ப்பக்கம், ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் நின்ற இந்திய வீரர் ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார். 1971-இல் ஓவல் மைதானத்தில் நம் வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட் கொடுத்த கேட்சைத் தரையோடு பாய்ந்து எடுத்தவர் அவர்தான். மட்டைக்கு அவ்வளவு அருகே நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அந்தக் கேட்சின் போட்டோவைப் பார்த்தால் தெரியும். உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் சொல்லைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது நல்ல குடும்பத்தில் பிறந்த சொல். 1066-இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் இங்கிலாந்துக்குள் நுழைவதற்கு முன்பே இருந்தது. அப்போது அது ஏறக்குறைய 'யெசேலி' என்று ஒலித்தது. அதற்குள் இருக்கும் 'சேல்' என்ற வேருக்குக் காலம், வேளை என்றும் பொருள், மகிழ்ச்சி, நற்பேறு என்றும் பொருள். 'அவனுக்கு நல்ல நேரம்' என்கிறோமே, அதேதான். ஆக, சில்லி என்றால் முதலில் பேறு பெற்றவர், இறையருள் வாய்த்தவர். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு இன்றும் அந்தப் பொருளிலேயே இருக்கிறது. மதச் சீர்திருத்தவாதி லூத்தரின் ஜெர்மன் பைபிளில் மலைப்பிரசங்கத்தின் 'பாக்கியவான்கள்' வசனங்கள் 'செலிக்' என்ற சொல்லோடுதான் தொடங்கும். இறந்துபோன அப்பாவைப் பற்றி மரியாதையாகச் சொல்லவும் ஜெர்மானியர்களுக்கு அதே சொல் உதவும்.

அப்புறம் இங்கிலாந்தில் என்ன நடந்தது? 1200-ஐ ஒட்டி, அருள் பெற்றவர் என்பது களங்கமற்றவர் ஆயிற்று. களங்கமற்றவருக்குச் சூது தெரியாது. சூது தெரியாதவரை ஊர் ஏய்க்கும். அதனால் அடுத்த நூறு ஆண்டுகளில் 'ஐயோ பாவம்' என்ற பொருள் வந்து சேர்ந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு கதையில், சேவலை நரி தூக்கிப்போகும்போது கூக்குரல் கேட்டு ஓடிவரும் ஏழை விதவையை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். அந்த அம்மாளிடம் அசட்டுத்தனம் எதுவும் கிடையாது. அவள் ஒரு எளிய பெண், அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியர் காலம் இரண்டும்கெட்டான் காலம். 1500-களின் பிற்பகுதியிலேயே புத்தி குறைந்தவர் என்ற பொருள் புழங்கத் தொடங்கிவிட்டது, பழசும் போகவில்லை. ஆறாம் ஹென்றி நாடகத்தின் மூன்றாம் பாகத்தில் போர் நடந்துகொண்டிருக்க, மன்னர் ஒரு மண்மேட்டில் தனியாக உட்கார்ந்து பேசுகிறார். தங்கள் சில்லி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடையர்களுக்கு முட்புதர் தரும் நிழல், துரோகத்துக்கு அஞ்சும் மன்னர்களுக்கு ஜரிகை விதானம் தருமா என்று கேட்கிறார். அந்த இடத்தில் 'முட்டாள் ஆடுகள்' என்று உரை சொன்னால் காட்சியே கெட்டுவிடும். யாருக்கும் தீங்கு செய்யத் தெரியாத ஆடுகள் என்பதால்தான் மன்னருக்கு ஏக்கம் வருகிறது.

நமக்கு இது புதிதல்ல. உலா இலக்கியத்தில் பேதை என்றால் ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமி. வள்ளுவரிடம் போனால் 'பேதைமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அங்கே பேதை முழு முட்டாள். 'அச்சம், மடம், நாணம்' என்று வரும் மடத்தைப் பெண்ணுக்கு அழகு என்றார்கள், மடமை என்றால் வசவு. தீங்கறியாதவரைப் பார்த்து முதலில் மதிப்பும் பிறகு இரக்கமும் கடைசியில் இளக்காரமும் வருவது இரண்டு ஊரிலும் நடந்திருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த சில்லி ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜிடம் இருக்கிறது. 1798-இல் வெளிவந்த கிழட்டு மாலுமியின் கவிதை, பள்ளியில் பலர் படித்திருப்பீர்கள். சுற்றிலும் கடல், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. கப்பல் தளத்தில் நெடுநாள் காய்ந்து கிடந்த வாளிகளை மாலுமி 'சில்லி வாளிகள்' என்கிறான். அவை பனிநீரால் நிரம்பியதாகக் கனவு காண்கிறான், விழித்தால் மழை. ஒன்றுக்கும் உதவாத வாளிகள் என்றும் படிக்கலாம், பாவப்பட்ட வாளிகள் என்றும் படிக்கலாம், அருள் இறங்கப்போகிற வாளிகள் என்றும் படிக்கலாம். மூன்றும் சேர்ந்து கேட்பதால்தான் அந்த வரி எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. வகுப்பில் இதை நடத்தும்போது 'முட்டாள்தனமான' என்று கோனாரைப் பார்த்து எழுதியவர்களுக்கும் நான் மதிப்பெண் குறைத்ததில்லை, ஆனால் ஒரு நிமிடம் நிறுத்தி வாளியைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

ஸ்காட்லாந்தின் நாட்டார் கதைகளில் பழைய பொருள் இன்னும் பிழைத்திருக்கிறது. அங்கே மனிதரோடு இணக்கமான தேவதைகள் 'சீலி', பொல்லாதவை 'அன்சீலி'.

சரி, உங்கள் மகளின் தாளுக்கு வருகிறேன். மைனஸ் குறியை விட்டிருப்பாள், அல்லது 6-ஐ 0 என்று பார்த்து எழுதியிருப்பாள். அது கவனப்பிசகு. கணக்கு தெரியாததால் வந்தது இல்லை என்று டீச்சர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனாலும் நான் ஆசிரியராக இருந்தவரை அந்தச் சொல்லைத் தாளில் எழுதியதில்லை. தவறிய படியை வட்டமிட்டு 'இதை மறுபடி பார்' என்று எழுதுவேன். எந்த வரியில் சறுக்கினோம் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் அடுத்த பரீட்சையில் அங்கே கண் போகும். டீச்சரிடம் நீங்களே பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள், எந்தப் படி என்று குறித்துக் கொடுப்பார்.

கேள்வி: ஆங்கில நாளிதழில் 'சில்லி சீசன்' என்று படித்தேன். அது என்ன பருவம்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: லண்டனில் ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டிய நாட்கள். நாடாளுமன்றம் விடுமுறையில் போய்விடும், பெரிய மனிதர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். பத்திரிகைக்குப் பக்கம் நிரப்ப வேண்டுமே, அற்பச் செய்திகளாகப் போடுவார்கள். 1861-இல் சாட்டர்டே ரிவ்யூ என்ற லண்டன் வார இதழ் இந்தப் பெயரைப் பயன்படுத்தியது. ஜெர்மானியர்கள் இதையே 'ஊறுகாய் வெள்ளரிக்காய்க் காலம்' என்கிறார்கள், டச்சுக்காரர்களுக்கு வெறும் 'வெள்ளரிக்காய்க் காலம்'.