பி53 புரதம்: ஆய்வகக் கேள்விகளும் பதில்களும்

பி53 என்பது டி.என்.ஏ.வைப் பிடித்து ஜீன்களை இயக்கி, புற்றுநோயைத் தடுக்க உதவும் புரதம். மனித பி53-ஐ ரீகாம்பினன்ட்டாக, அதாவது அதன் ஜீனை வேறு செல்லில் வைத்துத் தயாரித்து, அதோடு வேலை செய்கிறவர்கள் கேட்டவை இவை. ட்யூபில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்பது வேறு, அதில் எவ்வளவு டி.என்.ஏ.வைப் பிடிக்கும் நிலையில் இருக்கிறது என்பது வேறு. பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

மேடம், கணக்குப்படி எடை 43.7 கிலோடால்டன். என் ஜெல்லில் பேண்ட் 53 பக்கம் நிற்கிறது. வேறு புரதத்தை அனுப்பிவிட்டார்களோ?

இல்லை, சரியான புரதம்தான். 393 அமினோ அமிலங்களுக்குக் கணக்குப் போட்டால் 43.7 வரும். ஆனால் ப்ரோலின் நிறைந்த பகுதி இருப்பதால் புரதங்களை எடைப்படி பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் மெதுவாகத்தான் ஓடும். 1979-ல் கண்டுபிடித்தபோது ஜெல்லில் தெரிந்த எடைதான் பெயராக நிலைத்துவிட்டது. சுத்திகரிப்புக்காக ஒட்டும் ஜி.எஸ்.டி. என்ற புரத டேக் இருந்தால் இன்னும் 26 கிலோடால்டன் கூட்டிக்கொள்ளுங்கள். கவலைப்பட வேண்டியது கீழே தெரியும் சின்னப் பேண்டுகளைப் பார்த்துத்தான். பி53-இன் முன்முனை மடிப்பில்லாமல் தளர்வாக இருப்பதால், புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டியேஸ் அங்கே எளிதில் வெட்டிவிடும். பி53-ஐக் கண்டறியப் பயன்படும் டி.ஓ.-1 ஆன்டிபாடி 20 முதல் 25 வரையுள்ள அமினோ அமிலங்களைத்தான் பிடிக்கும். முன்முனை போன துண்டு அதன் கண்ணில் படாது. ஆகவே ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்னை மட்டும் நம்பாமல், எல்லாப் புரதத்துக்கும் நிறமேற்றும் கூமாசியும் போட்டுப் பாருங்கள்.

அக்கா, எம்சாவில் (புரதம் பிடித்த டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக ஓடி இடம் மாறுவதைப் பார்க்கும் சோதனை) எவ்வளவு புரதம் சேர்த்தாலும் அந்த இடமாற்றம், அதாவது ஷிஃப்டே வரவில்லை. 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். பஃபரில் ட்ரிஸ், உப்பு, ஈ.டி.டி.ஏ. உண்டு.

தம்பி, சிக்கல் உங்கள் பஃபரிலும் வெப்பத்திலும் இருக்கிறது. டி.என்.ஏ.வைப் பிடிக்கும் நடுப்பகுதி, ஏறக்குறைய 94 முதல் 312 வரையுள்ள அமினோ அமிலங்கள், ஒரே ஒரு துத்தநாக அயனியை நம்பி நிற்கிறது. சிஸ்டீன் 176, ஹிஸ்டிடின் 179, சிஸ்டீன் 238, சிஸ்டீன் 242 ஆகிய நான்கும் சேர்ந்து அதைப் பிடித்திருக்கின்றன. ஈ.டி.டி.ஏ. அந்த அயனியை உருவிவிட்டால் முடிச்சு அவிழ்ந்த மாதிரிதான். பைண்டிங் கலவையில் அது வேண்டவே வேண்டாம். அந்த சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் இருக்க, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டி.டி.டி.யை அன்றன்று கரைத்து ஒரு மில்லிமோலார் அளவு போடுங்கள்.

அடுத்தது வெப்பம். இந்த நடுப்பகுதி சுமார் 44 டிகிரியிலேயே அவிழும். 37-ல் தனியாக வைத்தால் சில நிமிடங்களிலேயே பாதி செயலிழந்துவிடும். நீங்கள் வைத்ததோ அரை மணி. ஐஸிலோ அறை வெப்பத்திலோ பைண்டிங் செய்து, ஜெல்லை 4 டிகிரியில் ஓட்டுங்கள்.

புரோபையும், அதாவது பி53 பிடிக்கவேண்டிய லேபிள் போட்ட டி.என்.ஏ. துண்டையும் பாருங்கள். பத்து பத்து எழுத்தாக இரண்டு பாதித் தளங்கள் வேண்டும். பி21 ஜீனின் புரொமோட்டரில் உள்ள தளத்தை எடுத்தால், இரண்டு பாதியிலும் நடுவில் சி-ஏ-டி-ஜி வரும். முழுநீளப் புரதத்தின் பின்முனை எந்த டி.என்.ஏ.வோடும் ஒட்டும். அதனால் அப்படி ஒட்டுவதை இழுத்துக்கொள்ளும் செயற்கை டி.என்.ஏ.வான பாலி டி.ஐ.-டி.சி. சேருங்கள். லேபிள் இல்லாத அதே தளம் ஒன்று, எழுத்து மாற்றிய தளம் ஒன்று, இரண்டையும் போட்டிக்கு வையுங்கள். முதலாவது ஷிஃப்டைக் குறைத்து, இரண்டாவது குறைக்காமல் இருந்தால்தான் அது உண்மையான ஷிஃப்ட்.

கணக்கையும் சொல்கிறேன். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்றால் தனி மூலக்கூறாக 2.3 மைக்ரோமோலார். தளத்தில் உட்காருவது நான்கு மூலக்கூறுகள் சேர்ந்த டெட்ராமர், அப்படியானால் 0.57 மைக்ரோமோலார்தான். புரோபை நிறைய வைத்துப் புரதத்தைப் படிப்படியாக ஏற்றி, எந்த இடத்தில் நிறைகிறது என்று பாருங்கள். கணக்குப்படி வரவேண்டிய அளவைவிட இரண்டு மடங்கு தேவைப்பட்டால், உங்கள் ட்யூபில் பாதிதான் வேலை செய்கிறது.

மைனஸ் 20-ல் வைக்கலாமா?

மைனஸ் 80-தான். கிளிசரால் கலந்து, ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். ஐஸில் உருக்குங்கள், மிச்சத்தை மறுபடி உறைய வைக்காதீர்கள். நீர்த்த கரைசல் ட்யூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம்) சேர்த்தால் தடுக்கலாம்.

இந்தப் புரதத்தை நேராகப் புற்றுநோய் செல்களின் மீடியத்தில் ஊற்றலாமா?

ஊற்றிப் பயனில்லை. தானாகச் செல்லுக்குள் போகாது. பி53 இல்லாத எச்1299, சாவோஸ்-2 போன்ற புற்றுநோய் செல்களில் பிளாஸ்மிட், அதாவது பி53 ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம் வழியாகக் கொண்டுபோங்கள். ஹீலா செல்களை எடுக்காதீர்கள், அங்கே பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐ அழித்துக்கொண்டே இருக்கும்.

ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தால் புரதம் எல்லாம் கரையாமல் அடியில் படியும் பெல்லட்டில் போய்விடுகிறது, மேடம்.

18 டிகிரிக்கு இறக்கி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யைக் குறைத்து, மீடியத்தில் துத்தநாகம் சேர்த்து இரவு முழுக்க வளருங்கள். முழுநீளம் தேவையில்லை என்றால் நடுப்பகுதியை மட்டும் எடுப்பது எவ்வளவோ சுலபம். ஒன்றை நினைவில் வையுங்கள்: பாக்டீரியாவில் செய்த புரதத்தில் செரின் 15 போன்ற இடங்களில் பாஸ்பேட் இருக்காது. டி.என்.ஏ. பைண்டிங்குக்கு அந்தப் புரதமே போதும். பாஸ்பேட் சேரும் அந்த மாற்றங்களைத்தான் படிக்கிறீர்கள் என்றால் போதாது.

டி.என்.ஏ.வைப் பிடிக்காத நெகடிவ் கன்ட்ரோலுக்கு ஆர்175எச் (175-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் உள்ள பி53) போதுமா?

நான் ஆர்273எச்-ஐத்தான் எடுப்பேன். 175 துத்தநாகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், அது மாறினால் மடிப்பே குலைகிறது. அந்தப் புரதம் பிடிக்கவில்லை என்றால், மடிப்பு குலைந்ததாலா, தொடர்பு இல்லாததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 273 நேரடியாக டி.என்.ஏ.வைத் தொடும் இடம். அது மாறினாலும் மடிப்பு பெரும்பாலும் நிற்கும், தொடர்பு மட்டும் போகும்.