தும்மல், தடிப்பு, தொய்வு: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

ஆஸ்பத்திரி மருந்துப் பகுதியில் பல வருடம் வேலை செய்தவள் நான். ஒவ்வாமை (அலர்ஜி) பற்றிக் கேட்டவர்களின் பெயரை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பரந்தன்: மிஸ், காலபோக நெல் வெட்டு தொடங்கினால் எனக்குத் தும்மல்தான். மூக்காலை தண்ணியாய் ஓடும். பிரிற்றன் போட்டால் நிக்குது, ஆனால் வரம்பிலையே நித்திரை வருது.

தம்பி, பிரிற்றன் பழைய அலர்ஜிக் குளிசை. அது மூளை வரைக்கும் போவதால்தான் நித்திரை. மெசின், மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது. செற்றிரிசின் 10 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று போதும். அதுவும் கண்ணைச் சொக்கவைத்தால் லொறற்றடீன் கேளுங்கள்.

ஆனால் வெட்டுக்காலம் முழுக்க மூக்கு அடைக்கிறவருக்குக் குளிசையைவிட மூக்கு ஸ்பிரே நல்லது. பெக்லோமெதசோன், புளூற்றிகசோன் என்று இருக்கும். இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுகிறவர்களைத்தான் நான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். ஆகவே வெட்டுக்கு இரண்டு கிழமை முந்தியே தொடங்குங்கள். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால் அடியுங்கள். அப்போது நுனி நடுச்சுவரைப் பாராமல் காதுப் பக்கம் திரும்பும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்விடும். கடையில் வாங்கி விடுகிற மூக்கடைப்புத் துளிகளை மட்டும் 5 நாளுக்கு மேல் விடவேண்டாம். நிறுத்தியதும் முந்தியதைவிட மோசமாக அடைக்கும்.

ஓமந்தை: இவர் காணி துப்பரவாக்கினால் கண்மடல், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடிச்சுக் கடிக்குது. ஓரிடத்திலை குடுத்த சின்ன வெள்ளைக் குளிசை போட்டால் மூண்டு நாளிலை மாறும், பிறகும் வரும். ஆறு மாதமாய் இதுதான். குளிசைக்குப் பேர் தெரியாது, கடதாசிப் பையிலை தந்தது.

அம்மா, பெயர் தெரியாமல் ஒன்றும் சொல்ல ஏலாது. இவ்வளவு கெதியாக மாறுவதைப் பார்த்தால் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையாக இருக்குமோ என்று பயப்படுகிறேன். அது நல்ல மருந்துதான். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் சீனியும் பிரஷரும் ஏறும், எலும்பு தேயும். பல கிழமை தொடர்ந்து போட்டவர் சடுதியாக நிறுத்தவும் கூடாது. தந்தவரிடமே போய்ப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் துண்டோடு தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

காணியில் பார்த்தீனியம் நிற்கிறதா என்றும் பாருங்கள். கரட் இலை மாதிரி இலை, சின்ன வெள்ளைப் பூ. இலங்கையில் அது முதலில் பதிவானதே வவுனியாவில்தான், 1999 இல். அதன் தூளும் மயிரும் காற்றில் வந்து படுகிற இடங்கள்தான் நீங்கள் சொன்ன இடங்கள். இந்த வகைக்குத் தும்மல் குளிசை பெரிதாக உதவாது. பூசுகிற ஸ்டீரொயிட் கிறீம்தான் மருந்து. முகத்துக்கு மென்மையான ஹைட்ரோகோர்ட்டிசோன், அதுவும் சில நாள் மட்டும். பெற்னோவேற் என்ற கடுமையான ஸ்டீரொயிட் கிறீமை முகத்தில் பூசிப் பூசித் தோல் மெலிந்தவர்கள் எத்தனையோ பேர். சுட்டுவிரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும்.

செடியைப் பூக்கமுதல், மழை பெய்து நிலம் ஈரமாய் இருக்கும்போது, கையுறையும் நீளக் கைச் சட்டையும் போட்டுப் பிடுங்க வேண்டும். இவரை விட்டு வேறு ஒருவர் பிடுங்கினால் இன்னும் நல்லது.

தர்மபுரம்: மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). பம்ப் பழகினால் விட ஏலாது எண்டு மாமி சொல்லுறா.

பழகாது அக்கா. குளிசையாகப் போனால் உடம்பு முழுக்கச் சுற்றுகிற மருந்து, பம்பில் மிகக் குறைந்த அளவில் நேரே சுவாசக்குழாய்க்குப் போகிறது. நீலப் பம்ப் மூச்சு முட்டு வந்தால் அடிப்பது, மண்ணிறப் பம்ப் முட்டு வராமல் தினமும் அடிப்பது. பிள்ளைக்கு ஸ்பேசர் (பம்பில் பொருத்துகிற குழாய்) வைத்து அடியுங்கள், பிறகு வாயைக் கொப்பளிக்கப் பண்ணுங்கள். நீலம் அடிக்கடி தேவைப்பட்டால் கிளினிக் நாள் வருமட்டும் பாராதேங்கோ.

முள்ளியவளை: தேன் எடுக்கப் போன தம்பியாருக்குக் குளவி கொட்டி, உடம்பெல்லாம் தடிச்சு மயங்கிப்போனார். இன்னொருக்கா நடந்தால்?

அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். பிரிற்றனைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தால் ஆள் போய்விடும். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், எழுப்பி நடத்த வேண்டாம். மூச்சு முட்டினால் மட்டும் இருக்க விடலாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அது வரச் சுணங்கும் என்றால் கிடைத்த வாகனத்தில் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்கு. ஊசி போட்டுச் சுகமான பிறகும் சில மணித்தியாலத்தில் திரும்ப வரலாம், உடனே வீட்டுக்கு வரக்கூடாது. தம்பியார் இனித் தேனுக்குப் போகாமல் இருப்பதுதான் எனக்கு விருப்பம்.

மல்லாவி: கத்தரிக்காய், இறால், மாட்டிறைச்சி எல்லாம் கிரந்தி எண்டு நிப்பாட்டிப்போட்டம். சரியோ?

எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியாது, பிள்ளைகளும் மெலிந்துபோவார்கள். எதைத் தின்றால், எத்தனை மணிக்குப் பிறகு தடிக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். இறால் என்றால் பெரும்பாலும் உடனே காட்டும். மாட்டிறைச்சி சிலருக்கு 2 முதல் 6 மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில் தடிக்கும். காட்டில் உண்ணி கடித்தவர்களுக்கு இது வரும்.

மாங்குளம்: ஊசி போட்டு அலர்ஜியை அடியோடை மாத்தலாம் எண்டு கேள்விப்பட்டன்.

இருக்கிறது. ஒத்துக்கொள்ளாத பொருளையே சிறுகச் சிறுக ஏற்றி உடம்பைப் பழக்குகிற முறை, 1911 இல் லண்டனில் தொடங்கியது. தூசிப்பூச்சிக்கும் குளவி விஷத்துக்கும் நன்றாக உதவும். ஆனால் 3 முதல் 5 வருடம் விடாமல் போக வேண்டும். முதலில் எது ஒவ்வாது என்று சோதித்து உறுதியாக்க வேண்டும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் ஒவ்வாமைச் சோதனை செய்கிறார்கள், உங்கள் டொக்டரின் கடிதத்தோடு போங்கள். தோலில் குத்திச் செய்யும் சோதனை என்றால், செற்றிரிசின் மாதிரிக் குளிசைகளை ஒரு கிழமை முந்தியே நிறுத்தச் சொல்லுவார்கள். அதைக் கேட்காமல் போனால் பஸ் காசும் பயணமும் வீண்.