வாசகர் கேள்வி–பதில்: மணற்குன்றுக்கு அப்பால் கேட்குமா?

கேள்வி: நாங்கள் ஐந்து குடும்பத்தார், வரும் ஜூலையில் ஐந்து ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்து பேர்ட்ஸ்வில் ஊருக்குச் செல்ல இருக்கிறோம். வண்டிகளுக்குள் பேசிக்கொள்ளக் கையில் பிடிக்கும் வாக்கி டாக்கியே போதுமா? அல்லது வண்டியில் பொருத்தும் வானொலி வேண்டுமா? எத்தனை வாட் இருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: ஐந்து வண்டிகளிலும் 80 சேனல் கொண்ட, 5 வாட் யுஎச்எஃப் சிபி வானொலியை (பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இருவழி வானொலி) நிலையாகப் பொருத்திக்கொள்ளுங்கள். 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அந்த அலைவரிசையைப் பயன்படுத்த ஆஸ்திரேலியாவில் தனிநபர் உரிமமும் கட்டணமும் தேவையில்லை. எதிரே வரும் அந்நியரின் வண்டியிலும் பெரும்பாலும் அதுவே இருக்கும் என்பது இன்னும் முக்கியமான காரணம்.

சிம்ப்சனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகள் ஏறத்தாழ வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. நீங்களோ அவற்றைக் குறுக்கே கடக்கப் போகிறீர்கள். ஒரு குன்றின் உச்சியை நெருங்கும்போது உங்கள் கண்ணுக்கு வானமும் வண்டியின் முன்மூடியும்தான் தெரியுமே தவிர, மறுபுறம் ஏறிவரும் வண்டி தெரியாது. தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் கொடி கட்ட வேண்டும் என்ற விதியும், 10ஆம் சேனலில் இருக்கும் இடத்தையும் வண்டிகளின் எண்ணிக்கையையும் அவ்வப்போது அறிவிக்கும் வழக்கமும் அதனால்தான் வந்தன.

வாட் பற்றிக் கேட்ட நீங்கள் ஆன்டெனாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். சட்டம் அனுமதிக்கும் உச்சத் திறனே 5 வாட் என்பதால், எல்லோர் கரண்டியிலும் ஒரே அளவு மாவுதான். அது எந்த வடிவில் பரவும் என்பதை ஆன்டெனா தீர்மானிக்கிறது. அதை இட்லியாக ஊற்றினால் உப்பி நிற்கிறது. தோசையாக வார்த்தால் தட்டையாக அகன்று பரவுகிறது. ஆன்டெனா அலையை எவ்வளவு தட்டையாகக் குவிக்கிறது என்பதை டெசிபல் எண் சொல்கிறது. 9 டெசிபல் ஆன்டெனா தோசை: தட்டை நிலத்தில் நெடுந்தூரம் எட்டும், ஆனால் வண்டி குன்றில் மூக்கைத் தூக்கும்போது அலை வானத்துக்கோ மணலுக்கோ போய்விடும். 3 டெசிபல் இட்லி: தூரம் குறைவு, ஆனால் மேடு பள்ளங்களில் கைவிடாது. உங்கள் பயணத்துக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட 6 டெசிபல் ஆன்டெனாவைப் பரிந்துரைப்பேன். கையில் பிடிக்கும் கருவியும் 5 வாட்டில் கிடைக்கிறது என்றாலும், உலோகக் கூட்டுக்குள் அமர்ந்து குட்டை ஆன்டெனாவோடு பேசும்போது அதன் வலிமையில் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே வீணாகிறது. இறங்கி நின்று, மணலில் சிக்கிய வண்டியை மீட்க வழிகாட்டுபவருக்கு ஒன்று இருந்தால் போதும்.

கேள்வி: குழந்தைகளின் அரட்டை ஊருக்கே கேட்காமல் இருக்க, வானொலியில் உள்ள தனிக்குறியீட்டு வசதியைப் போட்டுக்கொள்ளலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். சிடிசிஎஸ்எஸ் எனப்படும் அந்த வசதி உங்கள் பேச்சை மறைப்பதில்லை. அதே சேனலில் இருக்கும் எவரும் கேட்கலாம். அது அடைப்பது உங்கள் காதைத்தான். குறியீடு இல்லாத குரல்கள் உங்கள் ஒலிபெருக்கிக்கு வராமல் போகும். அப்படி வராமல் போகும் குரல், அடுத்த குன்றில் எதிரே ஏறிவருபவருடையதாக இருக்கலாம். அரட்டைக்கு வேறொரு சாதாரண சேனலை வைத்துக்கொண்டு, முதல் வண்டியும் கடைசி வண்டியும் 10ஆம் சேனலை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அந்த வேறு சேனல் 5, 35 ஆகிய அவசர சேனல்களாகவோ, தரவுக்கான 22, 23 ஆகவோ, லாரி ஓட்டுநர்கள் புழங்கும் 40 ஆகவோ இருக்கக் கூடாது. குரலை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் நிலையங்களான ரிப்பீட்டர்களுக்கு உரிய 1 முதல் 8, 31 முதல் 38 ஆகியவற்றையும், அவற்றின் இணைகளான 41–48, 71–78 ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். புறப்படும் முன் எல்லா வண்டிகளிலும், ரிப்பீட்டர் வழியாகப் பேசுவதற்கான டூப்ளெக்ஸ் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கருவி பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்லப்படும் வானொலிகளில் சில, அந்த ஒரு பொத்தானால் மௌனமானவையே.

கேள்வி: வண்டி பழுதாகி நடுவில் நின்றுவிட்டால் இந்த வானொலியில் உதவி கேட்க முடியுமா?
– ஒரு வாசகி, அடிலெய்ட்

பதில்: அருகில் யாராவது இருந்தால் மட்டும். யுஎச்எஃப் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், குன்றுகளுக்கிடையே சில கிலோமீட்டரோடு நின்றுவிடும். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் எச்எஃப் வானொலிக்கு அங்கே விகேஎஸ்–737 என்ற வலையமைப்பு உண்டு. ஆண்டுதோறும் உள்நாடு சுற்றுபவர்களுக்கு அது நல்ல முதலீடு. ஒரே ஒரு பயணத்துக்கு வாடகை செயற்கைக்கோள் தொலைபேசியும், அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்பு உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்றும் போதும். பீக்கனை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துவிடுங்கள். அது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அழுத்த வேண்டியது. கிளட்ச் தேய்ந்ததைச் சொல்லத் தொலைபேசிதான் வேண்டும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி ஊருக்கு வரும்போது இதே கருவிகளை வாங்கிவரச் சொல்லலாமா? நாங்கள் லடாக் போகிறோம்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சொல்லாதீர்கள். 477 மெகாஹெர்ட்ஸ் இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை அன்று. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த திறன் வாக்கி டாக்கிகளுக்கு 2018 விதிகள் உரிம விலக்கு அளித்திருக்கின்றன; அவற்றிலும் அரசின் வகை ஒப்புதல் பெற்ற கருவியைத்தான் வாங்க வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசியைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிக் கொண்டுவந்தால், தம்பி விமான நிலையத்தைத் தாண்டுவதே சிரமம்.