யார் பார்த்தார் என்று வேண்டாம், எத்தனை தரம் என்றால் போதும்

முள்ளியவளைப் பக்கம் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு வேர்ட்பிரஸில் ஒரு இணையத்தளம் இருக்கிறது. பேமிற் காணி (அரச அனுமதிப்பத்திரக் காணி), யானை வேலி, விதைநெல் என்று எழுதுகிறோம். எந்தப் பக்கத்தை ஆட்கள் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் நல்லது. கூகுள் அனலிட்டிக்ஸ் போடச் சொல்கிறார்கள். ஆனால் காணிப் பக்கத்தைத் திறந்தால் என்னுடைய பெயர் எங்கேயாவது பதியுமா பிள்ளை என்று ஒரு அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனை படிவம் நிரப்பினோம், எத்தனை பேரிடம் குடும்ப விபரம் கொடுத்தோம் என்று கணக்கே இல்லை. பதிவு என்றாலே ஆள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும் ஊர் இது.

சரி, விசயத்துக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது பக்கத்தின் கணக்குத்தான், ஆளின் கணக்கு இல்லை. அதற்குக் கோகோ அனலிட்டிக்ஸ் என்ற இலவசப் பிளகின் (வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்க்கும் சிறு மென்பொருள்) போதும். லொறியில் நெல் மூட்டை ஏற்றும்போது ஒருவர் பக்கத்தில் நின்று கோடு போட்டுக்கொண்டு வருவாரே, அதே வேலைதான்: இன்ன நாள், இன்ன பக்கம், இத்தனை தரம். மூட்டை யாருடைய வயலில் விளைந்தது என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அந்தக் கணக்கும் உங்கள் தளத்தின் தரவுத்தளத்திலேயே கிடக்கும், வெளியே எந்த நிறுவனத்துக்கும் போகாது. கூகுளின் கருவி அப்படியில்லை, வாசகரின் உலாவியில் ஒரு அடையாள எண்ணைக் குக்கீ என்ற சிறு குறிப்பாக வைத்து விபரத்தைத் தன்னுடைய சேர்வருக்கு எடுத்துக்கொண்டு போகும். அப்படி அமெரிக்காவுக்குத் தரவு போனது அப்போதைய நிலையில் ஐரோப்பியச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று ஒஸ்ரியாவின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஒரு தளத்தின் விடயத்தில் சொன்ன முடிவு 2022 ஜனவரியில் வெளியானது. உங்கள் வாசகரில் பாதிப்பேர் பாரிசிலும் லண்டனிலும் இருப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

போடுவது ஐந்து நிமிட வேலை. பிளகின் பக்கத்தில் தேடி, நிறுவி, இயக்கிவிட்டால் எண்ணத் தொடங்கிவிடும். அமைப்புகளில் குக்கீ வேண்டாம் என்று விடுங்கள். உள்நுழைந்து வேலை செய்பவர்களை எண்ணாமல் விடும் வசதியும் அங்கேயே இருக்கிறது, அதை மறக்கவேண்டாம். நான் ஒரு கமக்காரர் அமைப்பின் தளத்துக்கு இதைப் போட்டுக் கொடுத்தபோது முதல் கிழமையே எண்ணிக்கை ஏறுகிறது என்று எல்லாருக்கும் சந்தோசம். பிறகு பார்த்தால் தளத்தைப் பார்க்கிற தம்பி தன் போனில், உள்நுழையாமல், பக்கம் வடிவாக வந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்த கணக்குத்தான் பாதி!

அப்புறம் நேர வலயம். வேர்ட்பிரஸின் பொது அமைப்பில் அது கொழும்பு என்று இருக்கிறதா பாருங்கள். பல தளங்களில் அதை யாரும் தொடாமல் விட்டிருப்பார்கள், அப்போது தளத்துக்கு நாள் மாறுவது நம்முடைய விடியற்காலை ஐந்தரைக்கு. கோடை காலத்தில் ரொறன்ரோவில் அது இரவு எட்டு மணி. அங்குள்ள சனம் சாப்பிட்டுவிட்டுப் போனைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து உங்கள் கணக்கு இரண்டு நாளாக உடையும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கி வாசிப்பு ஏறும் நாட்களில் எந்த நாள் எவ்வளவு என்று குழம்பிப்போவீர்கள்.

'பார்வைகள்', 'வருகையாளர்' என்று இரண்டு எண் வரும். முதலாவதை நம்புங்கள். குக்கீ இல்லாமல் ஆளைப் பிரித்தறிய இப்படியான கருவிகள் ஐபி முகவரியையும் (இணைய இணைப்பின் இலக்கம்) உலாவியின் விபரத்தையும் கலந்து ஒரு நாளைக்கு மட்டும் செல்லும் குறியீடு ஒன்றைச் செய்கின்றன. நம் பக்கம் அநேகமானோர் போன் டேட்டாவில்தான் வருகிறார்கள், அதில் கனபேருக்கு வெளியே தெரிவது ஒரே ஐபி. போனும் ஒரே மாதிரி என்றால் பத்துப்பேர் ஒருவராகிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பால் வருபவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் பெரும்பாலும் தெரியாது, நேரே வந்த மாதிரித்தான் இருக்கும். புதிதாக வந்த பார்வைகள் உடனே தெரியாவிட்டாலும் பதறவேண்டாம், முதலில் ஒரு கோப்பில் சேர்ந்து, வேர்ட்பிரஸின் பின்னணி வேலை ஓடும்போதுதான் கணக்கில் ஏறும். ஆள் வரத்துக் குறைந்த தளத்தில் அது கொஞ்சம் சுணங்கும்.

இனி அந்த அம்மாவுக்கான பதில். பிளகின் அவருடைய பெயரைப் பதியாது. ஆனால் தளத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் 'ஒன்றும் பதியாது' என்று சொல்லிவிடாதீர்கள். யூரியூப் காணொளியை அப்படியே பதித்திருந்தால், பேஸ்புக் பொத்தான் வைத்திருந்தால், எழுத்துருவைக் கூகுளில் இருந்து எடுத்தால், பக்கம் திறந்தவுடனேயே வாசகரின் ஐபி அங்கெல்லாம் போகும். படலையைப் பூட்டிவிட்டு வேலியில் பொட்டு (ஆள் நுழையும் ஓட்டை) விட்ட கதைதான். காணிப் பக்கத்திலாவது காணொளியை எடுத்துவிட்டு வெறும் இணைப்பாகக் கொடுங்கள், விரும்பியவர் அழுத்திப் பார்க்கட்டும். உங்கள் தளத்துக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சேர்வர் பதிவேட்டில் எப்படியும் ஐபி விழும், அதை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவையுங்கள். தொடர்புப் படிவத்தையும் பாருங்கள்: பெயர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் என்று கேட்டு வைத்திருந்தால் அந்த அம்மா பயப்படவேண்டிய இடம் அதுதான். அடையாள அட்டை இலக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு பக்கத்தின் அடியில் இப்படி எழுதலாம்: "இந்தப் பக்கம் எத்தனை தரம் திறக்கப்பட்டது, ஏறத்தாழ எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணுகிறோம். யார் திறந்தார் என்று நாங்கள் பதிவதில்லை. சேர்வர் பதிவேட்டில் ஐபி முகவரி இத்தனை நாள் இருக்கும்." அந்த நாள் கணக்கை ஹோஸ்டிங்காரர் பதில் சொன்ன பிறகு நிரப்புங்கள்.